அடுப்போடு பேசிய சீசன்

வரையாடு எண்ணுகிற வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் முன்னால் போக வேண்டும், இன்னொருவர் கொஞ்ச நேரம் கழித்து அதே தடத்தில் பின்னால் வர வேண்டும். முன்னால் போனவர் என்ன பார்த்தார் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியக் கூடாது. கேட்கக் கூடாது, சொல்லக் கூடாது, கையைக்கூடக் காட்டக் கூடாது. அவரவர் பார்த்ததை அவரவர் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். முதல் ஆள் கண்ணுக்குத் தப்பியது எத்தனை, இரண்டாவது ஆள் கண்ணுக்குத் தப்பியது எத்தனை என்று ஒப்பிட்டால், இரண்டு பேர் கண்ணுக்கும் தப்பியது எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாமாம். போடி பாரஸ்ட் ஆபீசில் முத்துப்பிரியா மேடம் போர்டில் கோடு இழுத்து இதை விளக்கினார். என் வாய் சும்மா இருக்காது. "பேச்சு வார்த்தை இல்லாதவுகளாப் பார்த்து ஜோடி போடுங்க மேடம், அருமையா எண்ணுவாக" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டு, என்னையும் மொக்கையன் மச்சானையும் ஒரு ஜோடியாகப் போட்டார்.

"பால்பாண்டி அண்ணே, நீங்க ரெண்டு பேரும் சிலமலைதானே? சொந்தம் வேறயாம். ஒத்துமையா இருப்பீங்க."

மொக்கையன் மச்சான் என் கூடப்பிறந்த அக்காள் சுந்தரம்மாளின் புருசன். அவருக்கும் எனக்கும் பேச்சு நின்று இரண்டு வருசம் ஆகியிருந்தது. அது சிலமலையில் எல்லோருக்கும் தெரியும், போடி ஆபீசுக்குத் தெரியாது. வெளியாளிடம் போய், "எங்களுக்குள் பேச்சு இல்லை, ஜோடியை மாற்றுங்கள்" என்று சொல்வது எந்த மனுசனுக்கு முடியும்? நான் தரையைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, கிணறுதான். எங்கள் தோட்டத்துக் கிணறு பங்குக் கிணறு. பாதி எங்களுக்கு, பாதி மச்சானின் அண்ணன் பெரியகருப்பனுக்கு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தோம். என் முறை அன்றைக்குப் பெரியகருப்பன் வந்து மோட்டாரைப் போட்டார். நான் போய் பியூசைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் எறிந்தேன். இன்றைக்கு அப்படி நடந்தாலும் எறிவேன். அவர் செத்துப்போன என் அப்பாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னார். நான் அவருடைய அப்பாவை இழுத்து இரண்டு வார்த்தை சொன்னேன். மச்சான் நடு வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் பின்னால் போய்விட்டார். அன்றோடு நின்ற பேச்சுதான்.

எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கென்று இருந்தது அக்காள் வீடு ஒன்றுதான். அக்காள் மகள் சுஜிதா என் முதுகில் ஏறி வளர்ந்த பிள்ளை. நர்சிங் படித்துவிட்டு மதுரையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வைகாசியில் கல்யாணம் என்று டீக்கடையில் வைத்து அடுத்தவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் வழக்கத்தில் பெண்ணைக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன் தாய்மாமன். அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் நான் ஒருத்தன்தான். ஆனால் பெண்ணைப் பெற்றவர் வாயைத் திறந்து "வா" என்று சொல்லாமல் போய் நின்றால், சாப்பாட்டுக்கு வந்தவன் என்பார்கள். எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை. சீசன் முடிவதற்குள் மலையில் வைத்து அதை எப்படியாவது வாங்கிவிடலாம் என்று நினைத்துத்தான், ஜோடியை மாற்றச் சொல்லாமல் பையைக் கட்டினேன். அவர் ஏன் மாற்றச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது.

குரங்கணிக்கு மேலே ஜீப்பு போகிற கடைசி இடத்தில் கன்னையன் எங்களை இறக்கிவிட்டான். வாரம் ஒரு தடவை லோடு கொண்டுவருகிற டிரைவர் அவன். அங்கிருந்து அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஏற வேண்டும். யாரோ கைவிட்டுப் போன ஏலத்தோட்டத்தின் பழைய தகர வீடு ஒன்றுதான் எங்கள் முகாம். அதற்கு மேலே மரம் கிடையாது. புல்மேடு, பாறை, அதற்கப்பால் தலைகுப்புறச் சரிவு. அந்தச் சரிவுகளில்தான் வரையாடு நிற்கும். கீழே பார்த்தால் போடி, சிலமலை, தேவாரம் வரை தெரியும், மேகம் மறைக்காத நேரத்தில்.

மலையில் ஒரு ஆளோடு பேசாமல் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதற்கு ஒரு முறை வேண்டும். அதை யாரும் சொல்லித் தரவில்லை, முதல் நாளே தானாக வந்துவிட்டது. மச்சான் கதவைப் பார்த்துப் பேசுவார். நான் அடுப்பைப் பார்த்துப் பேசுவேன்.

"தண்ணி கொண்டாந்தாச்சு" என்பார் கதவிடம்.

"சோறு வெந்துருச்சு. திங்கிறவுக திங்கலாம்" என்பேன் அடுப்பிடம்.

"உப்பு கூடிப்போச்சு."

"வாய்க்கு ருசியா வேணும்னா வீட்டுலயே இருந்திருக்கணும்."

கை கழுவுகிற சத்தம் மட்டும் கேட்கும். எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன். அவருக்கும் வந்திருக்கும். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்பதால் அது எனக்குத் தெரியவில்லை.

காலையில் அவர் முன்னால் போவார். அவருடைய குடைமிளகாய்ப் பச்சை மழைக்கோட்டு புல்மேட்டில் ஏறி, வளைவில் மறையும் வரை நான் வாசலில் நிற்பேன். பிறகு நான் புறப்படுவேன். சில இடங்களில் எதிர்ச்சரிவில் அவர் போவது தெரியும். ஒரு பாறையில் உட்கார்ந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்திருப்பார். எழுதுவார். எழுந்து போவார். நான் அதே பாறைக்கு வரும்போது அவர் உட்கார்ந்த இடத்துப் புல் இன்னும் நிமிராமல் கிடக்கும். அதே இடத்தில் உட்கார்ந்து, அவர் பார்த்த அதே சரிவை நானும் பார்ப்பேன். குட்டிகளோடு பெட்டை ஆடுகள் மேயும். முதுகு வெளுத்த கிடா ஒன்று தனியாக நிற்கும். அவரும் அந்தக் கிடாவைப் பார்த்தாரா என்று கேட்க வேண்டும்போல இருக்கும். கேட்டால் வேலைக்கும் தப்பு, ரோசத்துக்கும் தப்பு.

அங்கே தனிமை என்பது ஆள் இல்லாததால் வந்ததில்லை. தனி ஆளாக எத்தனையோ தோட்டத்தில் காவல் கிடந்திருக்கிறேன், பாட்டுப் பாடிக்கொண்டு கிடப்பேன். இது வேறு. பேச வேண்டிய ஆள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் போய்க்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்த நாளும் உண்டு. காற்று என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன், யாரிடம் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு வாரம் எனக்குச் சளி பிடித்து இருமிக்கொண்டே கிடந்தேன். மச்சான் சுக்கைத் தட்டிப் போட்டு, ஏலக்காயும் நசுக்கிப் போட்டு, காப்பி வைத்தார். டம்ளரை என் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவிடம் போனார்.

"இருமுறவுக குடிச்சா நல்லது."

குடித்தேன். நெஞ்சுக்கு இதமாக இருந்தது. நன்றி என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் நான் அடுப்பிடம், "இனிப்பு பத்தல" என்றேன்.

காலி டப்பாவைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, "கருப்பட்டி தீந்துபோச்சு. கன்னையன் கொண்டாரணும்" என்றது கதவு.

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "வீட்டுல விசேசம் வருதாமே" என்று நானே ஒருநாள் அடுப்பிடம் போட்டுப் பார்த்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். விறகை அடுக்குகிற சத்தம் கேட்டது. அடுக்கின விறகையே கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

சித்திரை பாதியில், எங்கள் பகுதியின் கடைசிச் சரிவை எண்ணப் போனோம். வழக்கம்போல அவர் முன்னால் போனார். அன்று வெயில் நன்றாக இருந்தது. நான் மேட்டு விளிம்புக்கு வந்தபோது, எனக்குக் கீழே தடம் இரண்டு வளைவாக இறங்கி, ஒரு சோலைக்காட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போவது முழுக்கத் தெரிந்தது. மச்சான் முதல் வளைவில் நடந்துகொண்டிருந்தார். இரண்டாவது வளைவுக்கு அப்பால், மரத்தை ஒட்டி, ஒற்றைக் காட்டுமாடு ஒன்று நின்றது. நல்ல கிழட்டுக் காளை. கூட்டத்தைவிட்டு விலகிய காளை மாடு ஆளைக் கண்டால் பாயும் என்று மலையில் வேலை பார்த்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் இருந்த இடத்திலிருந்து அது தெரியாது, பாறை மறைக்கும். வளைவைத் திரும்பினால் நேருக்கு நேர்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதைச் சொல்ல இப்போதும் நாக்கு கூசுகிறது. இத்தனை நாள் அடுப்பிடம் பேசிப் பழகிய வாய் அது.

"மாடு நிக்கிது. போறவுக பார்த்துப் போகணும்."

அவருக்குக் கேட்டது. நடை ஒரு கணம் தயங்கியதை நான் பார்த்தேன். ஆனால் அவர் திரும்பவில்லை. எங்கள் வழக்கத்தில் இப்படிச் சொல்கிறதற்குத் திரும்பிப் பார்ப்பது கிடையாது. கேட்டும் கேட்காத மாதிரிக் கொஞ்சம் போய்விட்டு, பிறகு கதவிடமோ மரத்திடமோ பதில் சொல்ல வேண்டும். அவர் அதைத்தான் செய்தார். என்ன மாடு, எங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டியவர், கேட்காமல் நடந்தார். நான் என்னவோ அவரையே மாடு என்று குத்தலாகப் பேசுகிறேன் என்றுகூட நினைத்திருக்கலாம். தலை குனிந்தபடியே இரண்டாவது வளைவைத் திரும்பினார்.

"மச்சான்."

அடிவயிற்றிலிருந்து வந்தது. எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி வந்தது. மச்சான் நின்றார். நின்றது மட்டும் இல்லை, முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். மாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, இரண்டு வருசமும் நடக்காத மாதிரிச் சாதாரணமாகக் கேட்டார்.

"என்ன மாப்ளே?"

மாடு அதற்குள் வந்துவிட்டது.

ஒரே தள்ளுதான். அவரைத் தூக்கி எறிந்துவிட்டு, தடத்தைத் தாண்டிச் சோலைக்குள் போய்விட்டது. நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவர் இடுப்புக்குக் கீழே ஒரு காலை அசைக்க முடியாமல், தொடையில் ரத்தம் ஒழுகப் புல்லில் கிடந்தார். என் வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். வயர்லெஸில் கீழ் முகாமுக்குச் சொன்னேன். ஆட்கள் கம்பும் போர்வையும் எடுத்துக்கொண்டு ஏறிவர நேரமாகும் என்றார்கள். அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் சும்மா கத்தியிருந்தால் ஓடியிருப்பார், அல்லது முதலிலேயே மச்சான் என்று கூப்பிட்டிருந்தால் வளைவுக்கு இந்தப் பக்கமே நின்றிருப்பார். இரண்டையும் விட்டுவிட்டு, நடுவில், சரியாக மாட்டின் முன்னால் அவரை நிற்க வைத்தவன் நான்.

"நான் கூப்பிட்டிருக்கவே கூடாது மச்சான்" என்றேன்.

"கிறுக்குப் பய மாதிரிப் பேசாத." வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "எம்புட்டு நாளாச்சுடா நீ அப்படிக் கூப்பிட்டு."

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. மயங்கக் கூடாது என்று நான்தான் பேசவைக்க நினைத்தேன், வைக்க வேண்டியதே இல்லை. கிணற்றில் நான் எறிந்த பியூசை எடுக்க அண்ணன் ஆள் இறக்கி, அந்த ஆள் செருப்பைத் தொலைத்த கதையைச் சொன்னார். நான் சிரித்தேன், அவரும் சிரிக்கப் போய் வலியில் கத்திவிட்டார். அக்காள் என் பேரைச் சொல்லி அழுகிற நாட்களைச் சொன்னார். சுஜிதா, "மாமா வராட்டி நான் மணவறைக்கு எந்திரிச்சுப் போக மாட்டேன்" என்று சொன்னதைச் சொன்னார். மாப்பிள்ளைப் பையன் பேர் பிரபு, ஆண்டிப்பட்டிப் பக்கம், தங்கமான பையன் என்றார்.

"வந்துரு மாப்ளே. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். வெரசா வந்து மொத ஆளா நில்லு."

நான் வாங்க வந்த வார்த்தை அதுதான். என் மடியில் கிடந்துகொண்டு, ரத்தம் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் சொன்னார். நான் வாய்விட்டு அழுதேன். வெட்கமே படவில்லை.

கன்னையன் ஜீப்பைப் பறக்கவிட்டான். மச்சான் என்னைக் கல்யாணத்துக்கு அழைத்ததை வழியெல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். தேனி பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்புக்கும் தொடைக்கும் ஆபரேசன் செய்து கம்பி வைத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் நான் மலைக்குப் போய் எங்கள் சாமான்களை ஒதுங்கவைத்துவிட்டு, திரும்பி வந்து பார்க்கப் போனேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை முறுக்கோடு போனேன் என்றே சொல்லலாம்.

கட்டிலின் தலைமாட்டில் பெரியகருப்பன் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவர்கள் வீட்டு ஆட்கள். ஆபரேசனுக்கு ரத்தம் கொடுத்தது, ராத்திரி பகலாக முழித்துக் கிடந்தது, கல்யாணத்துக்குப் போடியில் மண்டபம் பிடித்தது, சமையலுக்குச் சொன்னது எல்லாம் அவர்தான். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"வந்தவுகளுக்கு உக்கார ஸ்டூலை எடுத்துப் போடச் சொல்லு" என்றார் சுவரிடம்.

பெரியகருப்பன் தம்பியை நோக்கிக் குனிந்தார்.

"ஜீப்புக்காரன் என்னென்னமோ சொன்னானேப்பா. மலை மேல ரெண்டு பேரும் ராசியாயிட்டீகளாம். விசேசத்துக்கு அழைப்பு வச்சியாம். அப்படியா?"

வார்டு முழுக்கக் காத்திருந்தது.

"வலியில என்ன பேசுனேன்னு எனக்கே தெரியலண்ணே."

பெரியகருப்பன் என் அக்காளிடம் திரும்பினார். "சுந்தரம், உன் தம்பியைக் கேளு. ஏதாச்சும் சொன்னானா?"

அக்காள் என்னைப் பார்த்தாள். சொல்லுடா என்று அந்தக் கண் கெஞ்சியது. எனக்கு வந்த கோபத்துக்கு அத்தனை பேரையும் கிழித்திருப்பேன். ஆனால் ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால், எழுந்து நிற்க முடியாமல் கிடக்கிற மனுசன் அங்கேயே அண்ணனையா மைத்துனனையா என்று முடிவு செய்ய வேண்டும். அந்த அண்ணன் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் கல்யாணத்தை எடுத்து நடத்த ஆள் இல்லை.

குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துச் சொன்னேன். "ஒண்ணும் சொல்லல."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஆரஞ்சை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அக்காள் வராந்தாவில் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"உனக்கு உன் ரோசம் பெருசு. அவருக்கு அண்ணன் பெருசு. எனக்கு யாருடா பெருசா இருக்கா?"

சட்டையை மெல்ல விடுவித்துக்கொண்டேன். பஸ்சு ஏறிப் போடிக்கு வந்து, அன்றைக்கே மலைக்குப் போக ஜீப்பு கேட்டேன். ஜோடி இல்லாததால் எண்ணுகிற வேலை நின்றுபோயிருந்தது. பாறை ஓரங்களில் கட்டியிருந்த கேமராக்களுக்கு பேட்டரி மாற்ற ஒரு ஆள் வேண்டும் என்றார் முத்துப்பிரியா மேடம். "கல்யாணம் வருதாமே அண்ணே, லீவு எடுத்துக்கங்க" என்றும் சொன்னார்.

"எனக்கு அங்க ஒரு சோலியும் இல்ல மேடம்" என்றேன்.

தகர வீட்டில் நான் மட்டும். சோறு வெந்துவிட்டது என்று பழக்கத்தில் அடுப்பிடம் சொல்வேன். கதவு சும்மா இருக்கும். முன்னெல்லாம் அந்த ஊமைப் பேச்சை எவ்வளவு வைதிருப்பேன். அதுவும் ஒரு பேச்சுதான், அதுவும் இப்போது இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு தரம் சமைப்பதை விட்டேன். கிடாக்கள் தனியாக மேய்வதைப் பார்த்தால் எரிச்சலாக வந்தது.

கல்யாணத்தன்று காலையில் கேமரா வேலைக்குப் போகவில்லை. வேலை ஓடாது என்று தெரியும். எங்கள் மேட்டிலேயே போனுக்கு சிக்னல் கிடைக்கிற இடம் ஒரு பாறை உச்சி மட்டும்தான். அங்கே ஏறிக் கால் நீட்டி உட்கார்ந்தேன். கீழே மேகம் விலகியிருந்தது. போடியின் கூரைகள் பொடிப்பொடியாகத் தெரிந்தன. எந்தப் பக்கம் மண்டபம் இருக்கும் என்று கண்ணால் துழாவிக்கொண்டிருந்தேன். கிழக்குச் சரிவில் வரையாட்டுக் கூட்டம் ஒன்று மேய்ந்தது, நான் எண்ணவில்லை.

போன் அடித்தது. மொக்கையன் மச்சான் என்று காட்டியது. இரண்டு வருசமாக அந்தப் பேரை நான் அழிக்கவில்லை.

"மச்சான்" என்றேன்.

பதில் இல்லை. நாதஸ்வரமும் தவிலும் கேட்டன. பிள்ளைகள் கத்தினார்கள். சட்டைப் பையில் கிடந்த போன் எங்கேயோ அமுங்கித் தானாக வந்துவிட்டது என்று நினைத்தேன். வைத்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன், வைக்க மனசு வரவில்லை. காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு அங்கே நடப்பதைக் கேட்டேன். அக்காள் யாரையோ வாங்க வாங்க என்றாள். சக்கர நாற்காலியை நகர்த்துகிற சத்தம் வந்தது. மேளம் கொஞ்சம் அடங்கியது.

"நேரமாச்சு, பொண்ணைக் கூட்டிட்டு வாங்க" என்று பூசாரி குரல் கேட்டது. "தாய்மாமன் யாருப்பா?"

பிறகு பெரியகருப்பன் குரல். "தாய்மாமன் வரல. பெரியப்பன் நான் இருக்கேன், நான் கூட்டிட்டு வர்றேன்."

"இருங்கண்ணே."

மச்சானின் குரல் அது. மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் பக்கத்தில் கேட்டது.

"என்னப்பா?"

"இருங்கண்ணே. கொஞ்சம் இருங்க." துணியில் உரசுகிற சத்தம் வந்தது. பிறகு குரல் என் காதுக்குள்ளேயே வந்தது, நேராக, சுவர் இல்லை, கதவு இல்லை. "மாப்ளே. கேக்குதா?"

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "கேக்குது மச்சான்."

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எல்லாரும் நிக்கிறாக, அண்ணனும் நிக்கிறாரு. பிள்ளை ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குறா. நீ கூப்பிடு. மெல்லக் கூப்பிட்டா இந்தச் சத்தத்துல கேக்காது, நல்லாக் கூப்பிடு."

எழுந்து நின்றேன். வேட்டியை இறக்கிவிட்டேன், ஏன் என்று தெரியாது. மாமன் சபையில் நிற்கும்போது மடித்துக் கட்டக் கூடாது என்று கை தானாகச் செய்தது. மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினேன்.

"சுஜிதா. மாமா வந்திருக்கேன் ஆத்தா. எந்திரிச்சு வா."

கிழக்குச் சரிவில் வரையாடுகள், மிரண்டால் போடுகிற சீழ்க்கைச் சத்தத்தோடு பாறைக்குப் பாறை தாவி ஓடின. அந்தப் பக்கம் அக்காள் குலவை போடுவது கேட்டது, கதவு திறப்பது போல ஒன்று கேட்டது, பிறகு கரகரவென்றது, அப்புறம் ஒன்றும் இல்லை. போனைப் பார்த்தேன். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. உயரத் தூக்கிப் பிடித்தேன், திருப்பிப் பிடித்தேன், பாறையின் அந்த விளிம்புக்கும் இந்த விளிம்புக்கும் நடந்தேன். மறுபடி அடித்துப் பார்த்தேன். போகவில்லை. கீழே மேகம் ஏறிப் போடியை மூடிவிட்டது.

அவள் எழுந்து வந்தாளா, பெரியகருப்பன் எழுந்து போய்விட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கூப்பிட்டாகிவிட்டது. கூப்பிட்ட பிள்ளையைப் பாதியில் விட முடியாது. போனை மடியில் சொருகிக்கொண்டு, ஆள் இல்லாத அந்தப் பாறையில் கையை நீட்டினேன். பிள்ளைக்குப் பட்டுச்சேலை கட்டிப் பழக்கம் கிடையாது.

"மெல்ல வா ஆத்தா" என்றேன். "சேலை தடுக்கும். பார்த்து வா, படி இருக்கு."